அன்னைக்கு எத்தனை எழுத்து

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு பொய் இருக்கிறது. கணினி உதவிக்காக அதில் நான் நன்றி சொல்லியிருப்பவர் அந்த உதவியைச் செய்ய மறுத்தவர். செய்தவளின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

2006ஆம் ஆண்டு. சங்கப் பெண்பாற் புலவர்களின் சொல்லாட்சியை ஆய்ந்துகொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளாக அட்டைகளில் சொல்லடைவு எழுதிச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தேன். தொகை நூல்களை மதுரைத் திட்டத்தார் இணையத்தில் ஏற்றியிருப்பது தெரிந்ததும் அட்டைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, எனக்கு வேண்டிய பாடல்களை இறக்கி, வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்து ஒரே கோப்பாக்கினேன். அந்தக் கோப்புக்குள் நான் கேட்கும் வடிவத்தில் சொற்களைத் தேடித்தர ஒரு நிரல் வேண்டும். கணினிக்கூடத்தில் லினக்ஸ் ஓடும் பொதுக் கணினி ஒன்று இருந்தது. நிரல் அதில் இல்லை. நிறுவித் தரச்சொல்லிப் பொறுப்பாளரிடம் போனேன்.

“தமிழ்த் துறைக்கு எதுக்கும்மா இதெல்லாம்? டைப் அடிக்கணும்னா அந்தப் பக்கம் விண்டோஸ் மெஷின் இருக்கு பாரு.”

மூன்றாவது முறை கேட்டபோது ரூட் பாஸ்வேர்டை யாருக்கும் தரமுடியாது என்றார். நான் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை.

விடுதியில் எனக்கு எதிர் அறையில் எம்.சி.ஏ. படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். இரவு மெஸ்ஸில் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் சாப்பிடுவதை நிறுத்தாமலே சொன்னாள்: “ரூட் எதுக்குக்கா? சோர்ஸை எறக்கி உங்க ஹோம்லயே போட்டுக்கலாம்.”

யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒரு நிரலை இரண்டு வகையாகப் பெறலாம். யாரோ சமைத்துப் பொட்டலம் கட்டியதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வது ஒன்று. எழுதியவர் எழுதியபடியே மூல நிரலை வாங்கி நம் கணினியிலேயே எந்திரக் குறியாக மாற்றிக்கொள்வது மற்றொன்று. இந்த இரண்டாவதற்குப் பெரும்பாலும் மூன்று கட்டளைகள். முதலாவது ‘கன்ஃபிகர்’. அது கணினியைச் சுற்றிவந்து என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கும். புது வீட்டில் சமைக்கப் போனவள் அடுப்பு எப்படி, உப்பு எங்கே என்று பார்ப்பதுபோல. சின்னச் சின்னப் பரிசோதனை நிரல்களை எழுதி, ஓட்டிப் பார்த்து, ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று திரையில் வரிவரியாகச் சொல்லும். இரண்டாவது ‘மேக்’. மூலக் கோப்புகளைத் தொகுப்பியிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து எந்திரக் குறியாக்கி ஒன்றாக இணைக்கும். மூன்றாவது ‘மேக் இன்ஸ்டால்’. முடிந்த நிரலை எல்லாருக்கும் பொதுவான இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அனுமதி தேவைப்படுவது இந்த மூன்றாவது படிக்குத்தான். பொது இடம் ரூட்டுக்கு உரியது. ஆனால் முதல் கட்டளையிலேயே ‘பிரிஃபிக்ஸ்’ என்று சொல்லி, நிறுவும் இடமாக நம் பெயரிலுள்ள ஹோம் கோப்புறையைக் காட்டிவிட்டால் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

மறுநாள் மாலை அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். விசைப்பலகையைத் தொடவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். திரையில் ஓடிய வரிகளில் ‘கம்பைலர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். “தொகுக்கிறதுக்கா. உங்க எட்டுத்தொகை மாதிரி” என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அது எவ்வளவு சரி என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

கம்பைலர் என்ற சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் கிரேஸ் ஹாப்பர். யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாஸர் மகளிர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து, 1944இல் ஹார்வர்டின் மார்க்-1 கணினிக்கு வந்து சேர்ந்தார். அங்கே, ஒருமுறை எழுதிச் சரிபார்த்த கட்டளைத் துண்டுகளைக் குறிப்பேடுகளில் வைத்திருப்பார்கள். சைன் மதிப்பு வேண்டுமென்றால் ஒருவர் குறிப்பேட்டிலிருந்து இன்னொருவர் பார்த்தெழுதிக்கொள்வார். பார்த்தெழுதும்போது எண்கள் மாறும். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது ஓலைக்கு மட்டும் உரிய தொல்லை இல்லை. 1949இல் யூனிவாக் கணினியைச் செய்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு மாறிய ஹாப்பர், இந்தப் பார்த்தெழுதும் வேலையைக் கணினியிடமே கொடுத்தால் என்ன என்று யோசித்தார். துண்டுகளையெல்லாம் ஒரு நூலகம்போல் நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். எண்களை வரிசையாகச் சொன்னால் கணினியே நூலகத்துக்குப் போய் அவற்றை எடுத்துவந்து கோத்துத் தரும். 1952இல் இது ஓடியது. பெயர் ஏ-0. சிதறிக் கிடப்பவற்றை எடுத்துவந்து ஒன்றாக வைக்கிற வேலை என்பதால்தான் இதற்குத் தொகுப்பி என்று பெயர் வைத்தார்.

இன்றைய கணினி வரலாற்றாசிரியர்கள் சிலர், ஏ-0 உண்மையில் கம்பைலர் இல்லை, இப்போது இணைப்பி என்கிறோமே அந்த வகை என்பார்கள். தொழில்நுட்பமாக அது சரி. ஆனால் இடம் மாறியது சொல்லின் பொருள்தான். ‘மேக்’ கட்டளையின் கடைசியில் துண்டுகளெல்லாம் ஒன்றுசேரும் அந்தச் சில நொடிகளில் நடப்பதைத்தான் ஹாப்பர் தொகுத்தல் என்றார். நம் கலைச்சொல்லாளர்களும் இதற்குத் தொகுப்பி, நிரல்மாற்றி என்று இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். நான் முதலாவதன் கட்சி.

தமிழ்த் துறைக்காரியாக இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்றெல்லாம் பழங்குறிப்புகள் உண்டு. பாடினோர் வரிசையில் ஔவையும் வெள்ளிவீதியும் நச்செள்ளையும் உண்டு. தொகுத்தோர், தொகுப்பித்தோர் வரிசையில் ஒரு பெண்பெயரும் இல்லை. எது உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்கிற வேலை அது.

ஹாப்பர் தனியாக வந்தவர் அல்லர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்பது அப்போது கருவியின் பெயர் அல்ல, வேலையின் பெயர். பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கையால் கணக்கிட்டுக்கொடுத்த பெண்கள்தாம் கம்ப்யூட்டர்கள். அவர்களில் ஆறு பேரை எனியாக் எந்திரத்துக்குக் கட்டளை அமைக்க எடுத்தார்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மேன். எந்திரத்தை எப்படி இயக்குவது என்று சொல்லும் கையேடு கிடையாது. மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்தார்கள். அவற்றைப் படித்து இவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். 1946 பிப்ரவரியில் எந்திரத்தை உலகுக்குக் காட்டியபோது, அன்று ஓட்டிக்காட்டிய குண்டுப்பாதைக் கணக்கை அமைத்தவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். அன்றிரவு நடந்த கொண்டாட்ட விருந்துக்குப் பெண்களை அழைக்கவில்லை.

அந்த பெட்டி ஸ்னைடர்தான், திருமணத்துக்குப் பின் பெட்டி ஹோல்பர்ட்டன். யூனிவாக்கில், தரவின் அமைப்பைச் சொன்னால் அதை வரிசைப்படுத்தும் நிரலைத் தானே எழுதித்தரும் நிரல் ஒன்றை 1951 வாக்கில் செய்தார். நிரலை எழுதும் நிரல். தன் தொகுப்பிக்கு அது தூண்டுதல் என்று ஹாப்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு பெண் இன்னொருத்தியின் பெயரைச் சொல்லிவைத்த இடம் இது. இந்த வரியை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

இவர்களைத் தெய்வமாக்க நான் வரவில்லை. கணக்கிட்டது போருக்காக. ஹாப்பர் கடைசிவரை கடற்படைச் சீருடையைப் பெருமையாக அணிந்தவர்.

வேறொரு கேள்விதான் என்னை அரித்தது. தொகுத்தலைத் தொடங்கி வைத்த பெண்கள், நான் அந்தக் கணினிக்கூடத்துக்குள் நுழைந்த காலத்தில் எங்கே போயிருந்தார்கள்? ஜேனட் அபேட், நேதன் என்ஸ்மெங்கர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1940களில் எந்திரத்தைச் செய்வது ஆண்வேலை. அதற்குக் கட்டளை அமைப்பது எழுத்தர் வேலை, ஆகவே பெண்களுக்குப் போனது. பிறகு கஷ்டமான வேலை கட்டளை அமைப்பதுதான் என்று மெல்லத் தெரியவந்தது. வேலைக்கு மதிப்பு வந்தது, சம்பளம் வந்தது, தேர்வுமுறைகள் வந்தன. 1966இல் இரண்டு உளவியலாளர்கள், நல்ல நிரலாளரின் குணங்களில் ஒன்று மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லாமை என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிறகு அந்தக் குணத்தைக் கொண்டே ஆட்களை எடுத்தார்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெறுவோரில் 1984இல் 37 விழுக்காடு அளவில் இருந்த பெண்கள் 2010 வாக்கில் 18 விழுக்காடாகச் சுருங்கினார்கள். நம் ஊர்க் கதை வேறு. இங்கே எம்.சி.ஏ. வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தார்கள். வெயில் படாமல் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று வீட்டில் அனுப்பினார்கள். ரூட் பாஸ்வேர்டு மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரியான ஆட்களிடம் இருந்தது.

இருந்தாலும் அந்தப் பெண்களின் வேலை திரையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ‘மேக்’ ஓடும்போது ஒவ்வொரு வரியிலும் ‘ஓ2’ என்று ஒரு குறி வருமே, நிரலை வேகமாக ஓடும்படி செப்பனிட்டுக் கொடு என்று தொகுப்பிக்கு இடும் கட்டளை அது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ‘கன்ஃபிகர்’ தானே சேர்த்துவிடும். அந்தச் செப்பனிடும் கலைக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் ஃபிரான்சிஸ் ஆலன். நியூயார்க் மாநிலத்துக் குடியானவர் வீட்டுப் பெண், பள்ளியில் கணக்கு வாத்தியார். படிப்புக் கடனை அடைத்துவிட்டுத் திரும்பப் பள்ளிக்கே போய்விடலாம் என்று 1957இல் ஐபிஎம்மில் சேர்ந்தார். முதல் வேலை, அப்போதுதான் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியை அங்கிருந்த விஞ்ஞானிகளுக்குக் கற்பிப்பது. பாடம் நடத்துகிறவளாயிற்றே, மேம்போக்காகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஃபோர்ட்ரான் தொகுப்பியின் மூல நிரலையே எடுத்து உட்கார்ந்து படித்தார். அந்தத் தொகுப்பியை எழுதிய குழுவில், நிரலின் ஓட்டத்தை ஆராயும் பகுதியைச் செய்தவர் லோயிஸ் ஹைப்ட். வாஸரில் படித்துவிட்டு நேராக வந்த பெண். ஒருத்தி எழுதிய மூலத்தை இன்னொருத்தி படித்துத் தொடர்ந்த வரிசை இது. ஒரு நிரலுக்குள் கட்டுப்பாடு எந்தெந்த வழியாகப் போகக்கூடும் என்பதை வரைபடமாக்கி ஆராயும் முறையை ஆலன் 1970இல் கட்டுரையாக்கினார். இடையில் சில ஆண்டுகள் அமெரிக்க உளவு நிறுவனத்துக்கான எந்திரத்துக்கும் மொழி செய்துகொடுத்தார். பள்ளிக்குத் திரும்பவேயில்லை. 45 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது 1966இலிருந்து தரப்படுகிறது. ஒரு பெண்ணுக்கு முதலில் கிடைத்தது 2006இல், ஆலனுக்கு. நான் ரூட்டுக்காக வாசலில் நின்ற அதே ஆண்டு.

யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்திலும் லொரிண்டா செர்ரி இருந்தார். 1970களில் ராபர்ட் மாரிஸுடன் சேர்ந்து அவர் செய்த ‘பி.சி.’ என்ற கணக்கு மொழியில் எழுதிய சிறு நிரல் ஒன்று லினக்ஸ் கருவத்தின் மூலத்துக்குள் இருந்துவந்தது. பல ஆண்டுகள் அதில்லாமல் கருவத்தைத் தொகுக்க முடியாது. கருவத்தைத் தானே தொகுத்தவன்தான் ஆம்பளை என்று 1990களில் மார்தட்டிக்கொண்ட பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூலம் எல்லாருக்கும் திறந்தே கிடந்ததும் இல்லை. யூனிக்ஸின் ஆறாம் பதிப்புக்கு ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1970களில் மாணவருக்காக இரண்டு நூல்கள் ஆக்கினார். ஒன்று மூலம், மற்றொன்று அதற்கு வரிவரியாக உரை. நம் பதிப்புகளின் அட்டையில் போடுவோமே, ‘மூலமும் உரையும்’ என்று, அதேதான். 1979இல் ஏழாம் பதிப்பின் உரிம விதிகள் வகுப்பறையில் மூலத்தை வைத்துப் பாடம் நடத்துவதைத் தடுத்தன. லயன்ஸின் உரை ஒளிநகலாகக் கைமாறியது. முறைப்படி அச்சானது 1996இல். இடையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்ததும், அதன் சி தொகுப்பி 1987இல் வெளிவந்ததும் பலரும் அறிந்த கதை. எங்கள் கணினிக்கூடத்து எந்திரத்தில் இருந்ததும் அந்தத் தொகுப்பிதான். அது எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்ததால்தான் எங்கள் வேலை நடந்தது.

மூலம் கையில் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்லமுடியாது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984இல் ஒரு உரையில் இதைக் காட்டினார். ஒவ்வொரு தொகுப்பியையும் அதற்கு முந்தைய தொகுப்பி ஒன்று தொகுத்திருக்கிறது. பாட்டியிடம் ஒரு கள்ளம் இருந்தால், பேத்தியின் மூலத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லாமலே அது பேத்திக்கு வந்துசேர முடியும். பெண்ணியம் படித்தவளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எங்கள் நிரலுக்கு வருகிறேன். நாங்கள் தொகுத்தது பி.சி.ஆர்.ஈ. என்ற நூலகமும் அதனுடன் வரும் தேடுகருவியும். அரை மணி நேரத்தில் முடிந்தது. மூன்றெழுத்துச் சொற்களை மட்டும் கொடு என்று கேட்டேன். ஆ, ஈ, ஓ என்று ஓரெழுத்து ஒருமொழிகளாக அள்ளிக் கொட்டியது. நன்னூல் நடத்துகிற கணினி போலிருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு, “பைட்டை எண்ணுதுக்கா” என்றாள்.

யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் சேமிக்கப்படும்போது மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று. ஒரு பைட் ஒரு எழுத்து என்று எண்ணுகிற நிரலுக்கு ‘அன்னை’ பதினைந்து எழுத்து. அவள் மூலக் கோப்புகளுடன் வந்த விளக்கக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். யூ.டி.எஃப்.-8 ஆதரவு வேண்டும் என்றால் தொகுக்கும் முன்பே ‘கன்ஃபிகர்’ கட்டளையில் கேட்கவேண்டும்; கேட்காவிட்டால் சேராது என்று அதில் இருந்தது. ஒளிவுமறைவில்லை, அந்த ஆதரவு நிரலின் அளவைக் கூட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கேட்டோம். மறுபடி தொகுத்தோம். இப்போது மூன்றெழுத்துச் சொற்களாகக் கண், மனை, இனி வந்தன. அன்னை இப்போது ஐந்து: அ, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி.

“புள்ளியை யாராவது எழுத்துன்னு எண்ணுவாங்களா?” என்றேன்.

“மெஷின் எண்ணும்கா. நம்மதான் சொல்லித்தரணும்.”

மீண்டும் விளக்கக் கோப்பு. யூனிகோட் பண்புகள் என்று இன்னொரு விருப்பம், அதுவும் கேட்டால்தான். அதைச் சேர்த்தால் எது எழுத்து, எது எழுத்தின் மேல் ஏறும் குறி என்று நிரலுக்குத் தெரியும்; குறியோடு சேர்ந்த எழுத்தை ஒன்றாக எண்ண, தேடும் வடிவத்தில் பெரிய எக்ஸ் ஒன்று போட்டால் போதும். மூன்றாவது முறை தொகுத்தோம். கணினிக்கூடம் மூட இருபது நிமிடம் இருந்தது. அன்னை வந்தது. பசலை வந்தது. நெஞ்சு வந்தது.

இதையெல்லாம் பெர்ல் மொழியிலேயே செய்திருக்கலாமே என்று பின்னாளில் ஒருவர் சொன்னார். செய்திருக்கலாம். 2015இல் வந்த அந்த நூலகத்தின் அடுத்த தலைமுறையில் யூனிகோட் தானாகவே சேர்கிறது. வேண்டாம் என்பவர்தான் சொல்லவேண்டும். ஆனால் தொகுப்பதற்கு முன்னால் கேட்டாக வேண்டும், பின்னால் கேட்டுப் பயனில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த மாலையில்தான்.

2002இல் வேலரி ஹென்சன் என்ற கருவ நிரலாளர், பெண்களை லினக்ஸ் பக்கம் ஊக்குவிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். அதில் ஒரு அறிவுரை, உதவி செய்கிறேன் என்று அவள் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காதே என்பது. என் தோழி அதைப் படித்திருக்க வழியில்லை. பிடுங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வேடு முடிந்தபோது நெறியாளர், கணினிக்கூடப் பொறுப்பாளருக்கு நன்றி போடுவது மரபு என்றார். போட்டேன். தோழி பெயரையும் போடலாமா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மாணவி பெயரைப் போட்டால் வேறு யாரோ செய்துகொடுத்த ஆய்வு என்று வாய்மொழித் தேர்வில் கேட்டுவிடுவார்களோ என்று பயம். உண்மையைச் சொன்னால், கணினியை நானே அறிந்து செய்ததாகத் தோன்றட்டும் என்ற ஆசையும் இருந்தது.

இந்தக் கட்டுரைக்காக அவளைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தேன். சென்னையில் பதினொரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு விட்டுவிட்டாளாம். நன்றியுரை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“பேரெல்லாம் வேண்டாம்கா இப்ப. அந்த லாக் ஃபைல் வச்சிருக்கீங்களா?”

வைத்திருக்கிறேன். ‘கன்ஃபிகர்’ ஓடும்போது தான் செய்ததையெல்லாம் ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும். பட்டம் வாங்கியபின் என் கணக்கை நீக்கிவிட்டார்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு குறுந்தகட்டில் நகலெடுத்திருந்தேன். அதன் முதல் சில வரிகளிலேயே எந்தக் கணினி, என்ன கட்டளை என்று இருக்கிறது. அவள் சொல்லி நான் தட்டிய அந்தக் கட்டளை அப்படியே: பிரிஃபிக்ஸ், என் ஹோம் கோப்புறையின் பாதை, யூ.டி.எஃப்.-8 வேண்டும், யூனிகோட் பண்புகள் வேண்டும். பாதையில் என் பெயர் இருக்கிறது. அவள் பெயர் அந்தக் கோப்பிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.